மட்டக்களப்பு வாவிக்கரையில் குடியிருப்பது: புளியந்தீவா, கல்லடியா?

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு எனக்கு இடமாற்றம் கிடைத்திருப்பதால், மாமியார், கணவர், ஆறு வயது மகன் ஆகியோருடன் தை மாதத்துக்குள் வவுனியாவிலிருந்து அங்கு குடிவர வேண்டியுள்ளது. புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் பழைய ஓட்டுவீடு ஒன்றையும், கல்லடியில் வாவிக்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் மாடிவீடு ஒன்றையும் பார்த்திருக்கிறோம். குளக்கரையில் வளர்ந்த எங்களுக்குக் கடலோடு கலக்கும் வாவி புதியது. மழைக்காலத்தில் தண்ணீர் வளவுக்குள் ஏறுமா, கிணற்றுநீரைக் குடிக்கலாமா, சிறுபிள்ளையை வைத்துக்கொண்டு கரையோரத்தில் இருக்கலாமா என்பதை அங்கு வாழ்பவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (புளியந்தீவில் அறுபது ஆண்டுகளாக இருப்பவர்)
மகள், முதலில் வாவியின் போக்கை அறிந்துகொள்ளுங்கள். பேச்சில் நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம், ஆனால் அது ஆற்றைப்போல் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து வயல்களிலும் குளங்களிலும் நிரம்பி வழியும் மழைநீரும் முந்தனை ஆற்று வெள்ளமும் இதற்குள் வந்து சேர்ந்து, பெரும்பாலும் முகத்துவாரத்தின் வழியாகவே கடலுக்குப் போக வேண்டும். கோடையில் அந்த வாயை மணல் மூடிவிடும். கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்யும்போது, முகத்துவாரம் தானாக உடையும்வரை அல்லது வெட்டித் திறக்கப்படும்வரை வாவியின் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். திறந்துவிட்டால் எங்கள் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகத் தண்ணீர் இறங்குவதைக் கண்ணால் காணலாம். ஆகவே வீடு பார்க்க வரும்போது அறைகளை எண்ணுவதற்கு முன்னர் பின்மதிலின் அடியைப் பாருங்கள். சுண்ணாம்பு உரிந்து, பச்சைப்பாசியும் உப்பும் பூத்த கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோடு வாசற்படிக்குக் கீழே இருந்தால் நம்பி எடுக்கலாம். மேலே இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

புளியந்தீவு உங்களுக்கு வேறு விதத்திலும் வசதி. வைத்தியசாலைக்கு நடந்தே போகலாம். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், புனித மிக்கேல் கல்லூரியும் அருகில் உள்ளன. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் ஓரமாக மாலையில் நடந்தால், படுவான்கரைக்குப் பின்னால் பொழுது சாய்வதைப் பார்க்கலாம். குறையையும் சொல்ல வேண்டும்: பழைய வீடுகளின் ஓடும் மரமும் உப்புக்காற்றில் விரைவாகக் கெட்டுப்போகின்றன, பல வீட்டுக்காரர்கள் திருத்திக்கொடுப்பதில்லை. 1978 கார்த்திகைச் சூறாவளியில் எங்கள் கூரை முழுவதும் பறந்ததைக் கண்டவன் என்பதால், கூரையைத் தாங்கும் வளைமரங்களைத் தட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன்.

பதில் 2 (கல்லடியில் வாடகைக்கு இருப்பவர்)
அக்கா, கல்லடி மணல் நிலம் என்பதால் மழை விட்டதும் தண்ணீர் வடிந்துவிடும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்பதால் காற்றுக்கும் குறைவில்லை. கிணற்றுநீர் வீட்டுக்கு வீடு வேறுபடும். எங்கள் கிணறு ஆவணியில் உவர்த்துவிடும், குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே பயன்படுத்துகிறோம். குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீர்தான். வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் ஒரு வாய் அள்ளிப் பாருங்கள். மழைக்குப் பின்னர் நுளம்பு அதிகம். டெங்கு பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வலையில்லாத யன்னல் உள்ள வீட்டை மாமியாருக்காகவாவது தவிருங்கள்.

கல்லடியை நகரோடு இணைக்கும் புதிய பாலம் 2013இல் திறக்கும்வரை, 1924இல் கட்டிய ஒற்றை இரும்புப் பாலத்தால்தான் ஊர் முழுவதும் வந்துபோனது. இப்போது போக்குவரத்து இலகுவாகிவிட்டது, பாடசாலை விடும் நேரம் மட்டும் சற்று நெரிசல். 2004 ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியின் கடற்பக்கத்தையும் அழித்ததை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. நான் வீடு எடுத்தபோது அயலில் இருந்த அம்மா முதலில் காட்டியது கடையையோ கோயிலையோ அல்ல, எந்த ஒழுங்கையால் பாலத்துக்கு ஓட வேண்டும் என்பதைத்தான். உங்கள் மகனுக்கும் அந்த வழியை நடத்திக் காட்டிவிடுங்கள்.

பதில் 3 (மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்)
தண்ணீர் ஓரத்தை வெறும் காட்சியாக எண்ணி வருபவர்களால் எங்களுக்கு வருத்தம் உண்டாகிறது. எங்கள் ஒழுங்கையில் புதிதாக வந்த ஒருவர் காட்சி மறைகிறது என்று கரையோரச் சேற்றில் வளரும் கண்ணா மரங்களை வெட்டி, கரையை மண்போட்டு உயர்த்தினார். அடுத்த மழைக்கு அவருடைய மதில் சரிந்தது, அருகில் இருந்த இரண்டு வளவுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. இறால் குஞ்சு ஒதுங்குவதும் அந்த வேர்களுக்குள்தான். தோணி கட்டும் இடத்தை மறிக்காமல், குப்பையைத் தண்ணீரில் கொட்டாமல் இருந்தால், விடியற்காலையில் உயிரோடு துடிக்கும் இறாலும் நண்டும் உங்கள் வாசலுக்கே வரும்.

பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். கரையில் ஆழம் குறைவுபோலத் தெரியும், ஆனால் அடியில் முழங்கால்வரை சேறு. நீந்தத் தெரியும்வரை தனியாக விட வேண்டாம். நிலவுக் காலத்தில் என் தந்தை தோணியில் ஏற்றிப்போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் நுனியில் காதை வைக்கச் சொல்வார். ஈரவிரலால் கண்ணாடிக் குவளை விளிம்பைத் தேய்ப்பது போன்ற மெல்லிய ஒலி கேட்கும். பாடுமீன் என்பது அதுதான். சித்திரைக்குப் பிறகு வாவி அமைதியாக இருக்கும், அப்போது மகனைக் கூட்டி வாருங்கள்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரும் சனிக்கிழமை புளியந்தீவு வீட்டின் பின்மதிலைப் பார்க்கக் கணவர் வருகிறார். கோடு படிக்கு மேலே இருந்தால், அன்றைக்கே கல்லடிக் கிணற்றில் ஒரு வாய் அள்ளிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.