60 சதவீத நீரில் ஏறக்குறைய முழு விளைச்சல்: 40 சதவீதம் மிச்சம் என்று எழுதலாமா?

சோளக்கதிர்:
மக்காச்சோளத்தில் சொட்டுநீர் சோதனை, பயிர் நீர்த்தேவையில் 100, 80, 60 சதவீதம் என்று மூன்று ட்ரீட்மெண்ட். வானிலைத் தரவிலிருந்து நீராவிப்போக்கை பென்மன்-மாண்டீத் முறையில் கணக்கிட்டு, அதை எஃப்.ஏ.ஓ. (ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு) 56-ஆம் அறிக்கையில் இந்தப் பயிருக்குத் தந்திருக்கும் பயிர்க் கெழுவால் பெருக்கி நீர்த்தேவையை எடுத்தோம். அறுவடை முடிந்துவிட்டது. 60 சதவீதப் பாத்திகளில் விளைச்சல் பத்தில் ஒரு பங்குதான் குறைவு. கைடுக்கு ஒரே சந்தோஷம், "40 சதவீத நீர் சேமிப்பு" என்று ஆய்வுச் சுருக்கத்திலேயே போடச் சொல்கிறார். எனக்கென்னவோ இடிக்கிறது. விதைக்கும் முன் நிலம் நன்றாக ஊறும்படி ஒரு பாசனம் கொடுத்திருந்தோம், அப்புறம் மழையே இல்லை.

வேரடிமண்:
இடிக்கத்தான் செய்யும். டோரன்பாஸும் கஸாமும் 1979-ல் எஃப்.ஏ.ஓ.வுக்காக எழுதிய 33-ஆம் அறிக்கையில் மக்காச்சோளத்துக்கு முழுப் பருவ விளைச்சல் கெழு 1.25, அதாவது பயிர் எடுக்கும் நீர் ஒரு சதவீதம் குறைந்தால் விளைச்சல் 1.25 சதவீதம் குறையும். பயிர் உண்மையில் எடுத்துக்கொண்ட நீர் 40 சதவீதம் குறைந்திருந்தால் விளைச்சல் பாதியாகியிருக்க வேண்டும். பத்து சதவீதம்தான் குறைந்தது என்றால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பயிருக்குக் குறைந்தது சுமார் 8 சதவீதம்தான். மீதியை நீங்களும் கொடுக்கவில்லை, மழையும் கொடுக்கவில்லை, அப்போது மண்தான் கொடுத்திருக்கிறது. வண்டல் கலந்த மண் ஒரு மீட்டர் ஆழத்தில் 130 முதல் 190 மி.மீ. வரை பயிருக்கு எட்டும் நீரைப் பிடித்து வைக்கும், மக்காச்சோள வேர் ஒரு மீட்டரைத் தாண்டியும் இறங்கும். பருவத் தேவை 500 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நீங்கள் குறைத்தது 200. அதில் பெரும்பகுதியை அந்த முன்பாசனமே ஈடுகட்டியிருக்கலாம், ஆனால் அது உங்கள் கணக்கில் ஏறவே இல்லை.

சோளக்கதிர்:
விதைப்பின்போது மேல் 15 செ.மீ. ஈரம் மட்டும்தான் எடுத்தோம். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

வேரடிமண்:
முடியும், அடுத்த மழைக்கு முன்னால் போங்கள். எல்லாப் பாத்திக்கும் ஒரே நிலம், ஒரே முன்பாசனம் என்பதால் தொடக்க ஈரம் ஏறத்தாழ ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று ட்ரீட்மெண்டிலும் 20 செ.மீ.க்கு ஒரு மாதிரி என்று குறைந்தது ஒரு மீட்டர் வரை எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, எடை குறைவிலிருந்து வரும் ஈர விகிதத்தோடு பரும அடர்த்தியையும் (கன அளவுக்கு உலர்ந்த மண்ணின் எடை) அடுக்கின் தடிமனையும் பெருக்கி மி.மீ. ஆக்குங்கள். ட்ரிப்பருக்கு அடியில் மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள், வரிசைகளுக்கு நடுவிலும் வேண்டும். 60-ன் அடிமண் 100-ஐ விட எத்தனை மி.மீ. காய்ந்திருக்கிறதோ அது மண்ணிடம் வாங்கிய கடன். மண் நீரை இழுத்துப் பிடிக்கும் விசையை அளக்கும் டென்சியோமீட்டர் இருந்தாலும் இங்கே உதவாது, மண் காய்ந்து அந்த இழுவிசை 80 கிலோபாஸ்கலைத் தாண்டும்போது காற்று புகுந்துவிடும்.

மடைமாற்றி:
முதலில் அந்த 100 உண்மையில் 100 தானா? 56-ஆம் அறிக்கையின் அட்டவணையில் நடுப்பருவப் பயிர்க் கெழுவாகப் போட்டிருக்கும் 1.20, குறைந்தபட்ச ஈரப்பதம் 45 சதவீதமும் காற்று வினாடிக்கு 2 மீட்டருமாக இருக்கும் சூழலுக்கு. ஈரப்பதம் கூடுதலாகவும் காற்று குறைவாகவும் இருந்தால் இறக்க வேண்டும், பலர் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். 100-ல் நீர் வேருக்குக் கீழே வடிந்திருந்தால் உங்கள் முடிவு "60 போதும்" இல்லை, "100 அதிகம்". அப்புறம், பூக்கும் தருணத்திலும் 60-ஐயே கொடுத்தீர்களா? அந்தக் கட்டத்துக்கு மட்டும் விளைச்சல் கெழு 1.5, இலை வளரும் பருவத்துக்கு வெறும் 0.4. முன்னால் குறைத்து, பட்டிழை வரும்போது முழுதாகக் கொடுத்த ஒரு ட்ரீட்மெண்ட் இருந்திருந்தால் நான் அதைத்தான் ஆசையாகப் படித்திருப்பேன்.

ஊற்றுக்கண்:
மடைமாற்றி சொன்னதோடு ஒன்று. அப்படி வடிந்த நீர் நிலத்தடிக்குப் போய் வேறொருவர் இறைப்பதாக இருந்தால், அதை நிறுத்தியதையும் சேமிப்பில் சேர்க்க முடியாது. 2018-ல் சயன்ஸ் இதழில் வந்த பாசனத் திறன் பற்றிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. "கொடுத்த பாசனம் 40 சதவீதம் குறைவு, பயிர் எடுத்த நீர் இவ்வளவு குறைவு" என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

சோளக்கதிர்:
பூக்கும்போதும் 60 தான். கைடிடம் 8 சதவீதக் கணக்கை மட்டும் காட்டினேன், சுருக்கத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்றார். நாளைக்கு மண்ணைத் துளைத்து மாதிரி எடுக்கும் ஆகர் எடுத்துக்கொண்டு போகிறோம்.