உங்கள் வீட்டில் யாருக்கு ‘அடங்காதவர்’ என்று பேர்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

நாங்கள் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கத் தமிழர்கள். ஏழாம் வகுப்பில், ஆண்டுவிழாப் பணம் கொண்டுவராதவர்களை வெயிலில் முட்டிபோடச் சொன்னார்கள். நான் போடவில்லை, நின்றேன். டீச்சர் டைரியில் ‘அனுசரணக்கேடு’ (சொன்னபடி கேட்காத குணம்) என்று மலையாளத்தில் எழுதி அனுப்பினார். நான் வாசித்துக் காட்டியதும் அம்மா நேரே பள்ளிக்கே போய், “அனுசரணையாத்தானே இருக்கான், இதுல என்ன கேடு கண்டீங்க?” என்று கேட்டுவிட்டார். அன்றோடு அந்தப் பேர் இரண்டு பேருக்கும் ஆகிவிட்டது. மற்ற எல்லையோரத்துக்காரர்களும் எழுதுங்கள், யாருக்கு என்ன பேர், எதனால் வந்தது என்று.

லயத்துப் பெண்:

நாங்கள் மூணாறு, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள். அம்மாவுக்கு ‘வாய்க்கொழுப்பு’. கொழுந்து எடை போடும் இடத்தில் வந்த பேர். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். மழைக்காலம் என்றால் சரி, பொறுத்துக்கொள்ளலாம். மாசி வெயிலிலும் அதே கழிவு. “இன்னைக்கு எந்த மழைக்குங்க கழிக்கிறீங்க?” என்று கேட்டார் அம்மா. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், அதுதான் வினை. மறுநாளிலிருந்து அவருக்குச் செங்குத்தான சரிவில்தான் வேலை. கால் நிற்காது, கொழுந்தும் குறைவு.

2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதம்தான் என்றதும் பெண்கள் தோட்டத்தை விட்டு டவுனுக்கு இறங்கினார்களே, அதில் அம்மாவும் உண்டு. கொச்சி–தனுஷ்கோடி ரோட்டை மறித்து ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேர் விழுந்தது. பேர் மலையாளம், உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழ் பேசுகிறவர்கள். கம்பெனியை எதிர்த்ததைக்கூட ஊர் ஏற்றுக்கொண்டது. இத்தனை வருஷம் சந்தா வாங்கிய சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்காமல் விரட்டினார்களே, அதுதான் பலருக்குச் செரிக்கவில்லை. பொம்பளைகளுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது, தமிழ்நாட்டிலிருந்து யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றெல்லாம் பேச்சு. எடை போடுகிற இடத்தில் ஒருநாள் வந்து நின்று பார்த்திருந்தால் யார் தூண்டினார்கள் என்று தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் 20 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அதிலும் 8.33-தான் போனஸ் என்றும் மீதி 11.67 கருணைத்தொகை என்றும் பிரித்து எழுதினார்கள். கேட்டது கிடைத்ததாகவும் இருக்கவேண்டும், கொடுத்தவர்கள் இறங்கி வராததாகவும் இருக்கவேண்டும் போல! தினக்கூலி 500 கேட்டார்கள், அது நடக்கவில்லை. 232 ரூபாயாக இருந்தது அப்புறம் 301 ஆனது.

வேலைக்குத் திரும்பியதும் எடை எழுதுகிற அதே ஆள், “தலைவி வர்றாங்க, வழி விடுங்க” என்று கிண்டல். அம்மா சாக்கை இறக்கி வைத்து, “தலைவி வந்தாச்சு, முள் நின்னப்புறம் எழுதுங்க” என்றார்.

விளவங்கோடு:

எங்கள் தாத்தாவுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்த பேர் ‘லகளக்காரன்’, மலையாளத்தில் கலகக்காரன். திருவிதாங்கூர்-கொச்சி காலம். தமிழ்த் தாலுகாக்களைப் பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று 1954 ஆகஸ்ட் 11-ல் ஊர்வலம் போனவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. தாத்தா தப்பினார், ஆனால் அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டுபோய் அடித்தார்கள். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் இந்தப் பக்கம் வந்தன. அதே ஆள் ‘தியாகி’ ஆகிவிட்டார்.

ரொம்ப வருஷம் கழித்து எல்லைப் போராட்டக்காரர்களுக்கு உதவித்தொகை என்றதும் மாமா மனு எழுதிக் கொடுத்தார். ஓர் ஆபீசில் அதை வாங்கிப் பார்த்தவர், “நீங்க அடி வாங்கினதுக்கு ஆதாரம் உண்டா?” என்று கேட்டிருக்கிறார். தாத்தா சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டவில்லை, மனுவைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கடைசிவரை போகவில்லை. பாட்டிதான் ஆற மாட்டாள்: “போலீஸ்கிட்ட காட்டுனது வீரம், சரி. இது வெறும் வீறாப்புல்லா?” எனக்குப் பாட்டி சொன்னதுதான் சரி என்று படுகிறது. அந்தப் பணம் வீட்டுக்குத் தேவைப்பட்டது.

நகரி:

நாங்கள் சித்தூர்ப் பக்கம், விசைத்தறிக் குடும்பம். அக்காவுக்குப் ‘பொகரு’ என்று தெலுங்கிலும் ‘திமிரு’ என்று தமிழிலும் பேர் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னார்கள். “உங்க பையன் முதல்ல பாடட்டும்” என்றாள். பையன் பாடினான், சுமாராகத்தான். இப்போது அவர்தான் எங்கள் மாமா.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

நகரிக்காரரே, மாமாவிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். லயத்துப் பெண், அம்மா இப்போது என்ன செய்கிறார்?

லயத்துப் பெண்:

ஓய்வு பெற்றுவிட்டார். வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும், அதுதான் எஸ்டேட் வழக்கம். வீட்டைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்கிறார்கள். கிராஜுவிட்டியைக் கொடுத்தால் சாவி என்று அம்மா சொல்லியிருக்கிறார். பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.