செர்ரி, கிரிஸ்டல், அமானோ மூணு வகை இறாலும் ஒரே டேங்க்ல: குட்டி பழுப்பா வருது, பெருசு சாகுது, எங்க தப்பு?

ரெண்டடித்தொட்டி:

வணக்கம் மக்களே. பெங்களூர் பெல்லந்தூர்ல ஒரு அபார்ட்மென்ட்ல இருக்கேன், சொந்த ஊரு தூத்துக்குடி, அதனால வீட்ல இறால்னாலே சட்டில போடுறதுதான், இதை வளக்குறேன்னு சொன்னதுக்கே அம்மா ஒரு மாசம் சிரிச்சாங்க. ரெண்டு அடி டேங்க், 50 லிட்டருக்கு மேல தண்ணி நிக்கும், ஸ்பான்ஜ் ஃபில்டர், ஜாவா மாஸ், மீன் ஒண்ணும் கிடையாது.

அக்டோபர்ல 15 ரெட் செர்ரியோட ஆரம்பிச்சேன், சூப்பரா போச்சு, டிசம்பருக்குள்ள குட்டியே பாத்துட்டேன். அப்புறம்தான் ஆசை. ஜனவரில சிவாஜிநகர் பக்கம் ஒரு கடைல புளூ 10, எல்லோ 10, கிரிஸ்டல் ரெட் 6, அமானோ 4 வாங்கி எல்லாத்தையும் ஒண்ணா விட்டேன், கடைக்காரரு "எல்லாம் இறால்தானே சார், ஒண்ணும் ஆகாது"ன்னாரு. கிரிஸ்டல் ஆறும் மூணே வாரத்துல காலி. மார்ச்ல இருந்து செர்ரியும் ரெண்டு நாளைக்கு ஒண்ணு போகுது, செத்ததை எடுத்துப் பாத்தா தலைக்குப் பின்னாடி கழுத்தைச் சுத்தி நூல் கட்டின மாதிரி வெள்ளையா ஒரு வளையம். பொறக்குற குட்டி எல்லாம் செவப்பும் இல்ல நீலமும் இல்ல, ஆறிப்போன டீ கலர்ல இருக்கு. அமானோ ரெண்டு தடவை சினையாச்சு, வயித்துல முட்டை இருந்துச்சு, ஒரு நாள் பாத்தா முட்டையும் இல்ல குட்டியும் இல்ல.

அம்மோனியா ஜீரோ, நைட்ரைட் ஜீரோ. டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு) 580 காட்டுது. ஆபீஸ்ல ஒருத்தர் "அது ஹார்டு வாட்டர், செர்ரிக்கு அதுதான் புடிக்கும்"னாரு. அப்புறம் ஏன் சாகுது?

பாசிபடிஞ்சகல்:

ப்ரோ நீங்க ஒரு கேள்வி கேக்கல, மூணு கேட்டிருக்கீங்க, மூணுக்கும் வேற வேற பதில்.

கலர் மேட்டர் முதல்ல. ரெட், புளூ, எல்லோ எல்லாம் ஒரே ஜாதிதான், நியோகாரிடினா டேவிடி. காட்டுல அது பழுப்பும் கண்ணாடியுமா இருக்குற இறால், அதுல கலர் நல்லா ஏறினதை மட்டும் தலைமுறை தலைமுறையா பொறுக்கிப் பொறுக்கி வளத்துதான் இந்தக் கலர் எல்லாம் வந்துச்சு. ஒண்ணா விட்டா திரும்ப பாட்டன் கலருக்கே போயிரும், அதான் உங்க டீ. நோய் இல்ல, சாகாது, ஆனா கலர் வேணும்னா ஒரு டேங்குக்கு ஒரு கலர்தான்.

கிரிஸ்டல் வேற பேரினம், காரிடினா. செர்ரியோட அது சேராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனா டைகர்னு விக்கிறாங்களே, அதை மட்டும் கிரிஸ்டலோட விட்றாதீங்க, ரெண்டும் காரிடினா, கலந்துரும். கிரிஸ்டலோட கதையே தனி, 1990கள்ல ஜப்பான்ல ஹிசயாசு சுசுகின்னு ஒருத்தர் கருப்பு தேனீ (bee) இறால் கூட்டத்துல செவப்பா பொறந்ததை எடுத்து அதுக்குள்ளயே பெருக்கினதுதான் இது, சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டி வந்த வம்சம், அதனால தண்ணில கொஞ்சம் மாறினாலும் தாங்காது. பிஹெச் 6 கிட்ட, கேஎச் (கார்பனேட் அளவு) கிட்டத்தட்ட ஜீரோ, ஜிஎச் (கால்சியம் மெக்னீசியம் அளவு) 4ல இருந்து 6, டிடிஎஸ் 100 - 150. 580ல அது மூணு வாரம் இருந்ததே பெருசு.

அமானோ: டேங்க்ல குட்டி வரவே வராது. முட்டை பொரிஞ்சா செர்ரி மாதிரி குட்டி இறாலா வெளிய வராது, கண்ணுக்குச் சரியா தெரியாத பொடி லார்வாவா வரும். ஆத்துல பொரிஞ்சு கடலுக்கு அடிச்சுட்டுப் போய் உப்புத் தண்ணில வளந்து திரும்ப ஆத்துக்கு ஏறி வர்ற ஜாதி அது. நல்ல தண்ணிலயே விட்டா லார்வா சில நாள்ல செத்துரும். வீட்ல பண்ணணும்னா பொரியுற நேரம் பாத்து தாயைத் தனியா வெச்சு, லார்வாவை லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல மரைன் சால்ட் போட்ட தண்ணிக்கு மாத்தி, பச்சைப் பாசித் தண்ணி ஊத்தி மாசக்கணக்குல பாக்கணும். நான் ஒரு தடவை பண்ணினேன், ஆயிரம் லார்வால ஏழு தேறுச்சு. அமானோவை பாசி திங்க மட்டும் வெச்சுக்கோங்க.

குழம்புஇறால்:

கலர் கலந்தா என்ன இப்போ? எங்கிட்ட மூணு வருஷமா கலவை டேங்க்தான், நூறுல ஒண்ணு அட்டகாசமா ஒரு கலர்ல வரும், அதைத் தேடிட்டு ஒக்காந்திருக்குறதுதான் சொகமே. எல்லாரும் விக்கவா வளக்குறோம்.

சிவிராமன்நகர்அக்கா:

எல்லாரும் கலரைப் பத்தியே பேசுறீங்க, அந்த வெள்ளை வளையத்தை யாரும் கண்டுக்கல. அது ஓடு கழட்ட முடியாம சாகுறது. இறால் சட்டை உரிக்கும்போது கழுத்துக்கிட்ட பின்பக்கமா ஒரு கீறல் விட்டு உருவி வெளிய வரணும், ஓடு சரியில்லன்னா சுத்தி ஒடஞ்சு நடுவுலயே மாட்டிக்கும். தம்பி, ரெண்டு விஷயம் சொல்லுங்க. அக்டோபர்ல இருந்ததும் இதே வீடா? உங்க அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் பிளான்ட் இருக்கா? டிடிஎஸ் மீட்டரைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு ஜிஎச் கேஎச் டிராப் டெஸ்ட் வாங்கிப் பாருங்க.

ரெண்டடித்தொட்டி:

அக்கா எப்படிக் கண்டுபிடிச்சீங்க! ஜனவரிலதான் வீடு மாறினேன், அதுக்கு முன்னாடி அல்சூர்ல காவேரி லைன். இங்க போர்வெல் பாதி டேங்கர் பாதி, கீழ பேஸ்மென்ட்ல சாஃப்ட்னர் ஓடுது, மாசம் மூட்டை மூட்டையா உப்பு எறக்குறாங்க. நேத்து கிட் வந்துச்சு. ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி கணக்கு. ஜிஎச் ரெண்டாவது சொட்டுலயே ஆரஞ்சு பச்சையாயிருச்சு. கேஎச் 14 சொட்டு விட்ட அப்புறம்தான் நீலம் மஞ்சளாச்சு, நான் கிட்டே கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ரெண்டு தடவை பாத்தேன்.

சிவிராமன்நகர்அக்கா:

கிட் கெடல. சாஃப்ட்னர் பண்றது என்னன்னா தண்ணில இருக்குற கால்சியம் மெக்னீசியத்தைப் புடிச்சு வெச்சுக்கிட்டு அதுக்குப் பதிலா சோடியத்தை விடும், அந்த மூட்டை உப்பு அதுக்குத்தான். கெய்சர்ல உப்புப் படியாதுன்னு நமக்கு சந்தோஷம். ஆனா இறாலுக்கு ஓடு கட்டவே கால்சியம் வேணும், அதுதான் போயிருச்சு. டிடிஎஸ் மீட்டருக்கு மொத்தம் எவ்வளவு உப்புன்னுதான் தெரியும், எந்த உப்புன்னு தெரியாது, அதனால 580 அப்படியே நிக்கும். கேஎச்சையும் சாஃப்ட்னர் தொடாது. ஆக உங்க தண்ணி மீட்டர்ல ஹார்டு, இறாலுக்கு பட்டினி. மார்ச் வரைக்கும் தாங்கினது ஏன்னா வாராவாரம் மாத்த மாத்த அல்சூர் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத்தானே கொறஞ்சிருக்கும்.

எனக்கும் இதே கதைதான், 40 புளூ போச்சு, கடைக்காரனைத் திட்டிட்டுத் திரிஞ்சேன், கடைசில பாத்தா எங்க பேஸ்மென்ட்டு.

கிச்சன் ஆர்ஓ தண்ணி எடுங்க, ஆனா முதல்ல அளந்துக்கோங்க, ருசிக்காக நெறைய மெஷின்ல ஆர்ஓ ஆகாத தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடுவான், அதை முழுசா மூடச் சொல்லுங்க. அதுல ஜிஎச்/கேஎச் ரெண்டும் ஏத்துற இறால் சால்ட் போட்டு ஜிஎச் 7, கேஎச் 3, டிடிஎஸ் 200 கிட்ட கொண்டு வாங்க. காசு பாத்தீங்கன்னா பிளான்ட் பாக்குற அண்ணன்கிட்ட கேளுங்க, சாஃப்ட்னருக்கு முன்னாடி ஒரு குழாய் இருக்கும், அந்தப் பச்சை போர் தண்ணி ஒரு பங்கு, ஆர்ஓ மூணு பங்குன்னு ஆரம்பிச்சு டெஸ்ட் பண்ணிப் பண்ணி சரி பண்ணலாம். ஆனா ஒரே நாள்ல மாத்திராதீங்க!! திடீர்னு மாறினா எல்லாம் ஒண்ணா ஓடு கழட்ட ஆரம்பிச்சு மொத்தமா போயிரும். வாரம் பத்து பர்சென்ட், ஏர் டியூப்ல ஒரு முடிச்சு போட்டு சொட்டு சொட்டா விடுங்க.

பாசிபடிஞ்சகல்:

சாஃப்ட்னர் எனக்குத் தோணவே இல்ல, நான் காவேரி லைன்ல இருக்கேன்ல. அக்கா சொன்னதுதான் சரி. ஒண்ணு மட்டும், கிரிஸ்டல் திரும்ப வாங்குற ஐடியா இருந்தா இதே டேங்க்ல ஆக்டிவ் சாயில் (பிஹெச்சை எறக்குற மண்) கொட்டி சமாளிக்கலாம்னு நெனைக்காதீங்க, அந்த கேஎச்சைத் தின்னே சாயில் சீக்கிரம் செத்துரும். தனி டேங்க், சுத்த ஆர்ஓ, ஜிஎச் மட்டும் ஏத்துற சால்ட்.

குழம்புஇறால்:

டேங்க் இருக்குற ரூம்ல கொசு லிக்விட் போடுறீங்களா? ஏர் பம்ப் அந்தக் காத்தைத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடும், கொசுவைக் கொல்ற மருந்துக்கு இறால் எம்மாத்திரம். பெல்லந்தூர் கொசு எனக்குத் தெரியும், வலை கட்டிக்கோங்க.

ரெண்டடித்தொட்டி:

அஞ்சு வாரம் ஆச்சு, ஜிஎச் 4 வந்துருச்சு, கேஎச் இன்னும் 10 கிட்ட. கடைசி பதினோரு நாளா ஒரு சாவும் இல்ல. நேத்து ராத்திரி மாஸ் மேல முழுசா ஒரு ஓடு கிடந்துச்சு, மீசை வரைக்கும் அப்படியே கண்ணாடி மாதிரி, செத்துருச்சுன்னு நெனச்சு வலையை எடுத்தா ஆளு பின்னாடி கட்டைக்கு அடியில ஒளிஞ்சு நிக்குது. கொசு லிக்விட் போட்டுட்டுதான் இருந்தோம், நிறுத்தியாச்சு, அதுக்கு வீட்ல வாங்கின திட்டு தனி. கிரிஸ்டலுக்கு இன்னொரு டேங்க் கேட்டா "அப்போ நீங்க அதுக்குள்ளயே படுத்துக்கோங்க"ன்னுட்டாங்க.

சிவிராமன்நகர்அக்கா:

ஒரு அடி க்யூப் ஒண்ணு எங்க வீட்டு பரண்ல சும்மா கிடக்கு. கிச்சன் மேடைல மிக்ஸி பக்கத்துல அடங்கிரும். ஞாயித்துக்கிழமை வந்தா எடுத்துட்டுப் போங்க.