புதுப்பிப்பு: மூடியே கிடந்த சன் கோரல் விரிந்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் கடல்நீர் மீன்தொட்டியில் தினமும் ஃபைட்டோபிளாங்க்டன் (கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசி) ஊற்றியும் சன் கோரல் என்ற பவளம் ஏன் விரியவில்லை என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, "விளக்கு அணைந்த பிறகு ஆர்டீமியா குஞ்சு கொடுங்கள்" என்ற யோசனை. ஆர்டீமியா என்பது மீன்களுக்கு இரையாகக் கொடுக்கும் இறால் போன்ற சிற்றுயிர். மற்ற பல பவளங்களின் உடலில் வாழ்ந்து உணவு தரும் பாசி இதன் உடலில் கிடையாது. வெளிச்சத்தை நம்பி வாழ முடியாது. ஃபைட்டோபிளாங்க்டனில் ஒரு வகையான நானோகுளோராப்சிஸின் செல் 2–3 மைக்ரான் அளவுதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இது பிடித்துத் தின்ன அது மிகச் சிறியது. முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்டீமியா குஞ்சு கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்.

முதலில், உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிரி) கரைந்த தண்ணீரில் சில சொட்டு எடுத்துப் பவளத்தின் மேல் விட்டேன். கொஞ்ச நேரத்தில் பாலிப் (பவளத்தின் வாயுள்ள ஒவ்வொரு தனி உடல்) உப்பி, மஞ்சள் உணர்கொம்புகள் ஒவ்வொன்றாக நீண்டன. அப்புறம் பம்பை நிறுத்திவிட்டு, பிப்பெட்டால் (சொட்டுக் குழாயால்) ஒவ்வொரு வாய்க்கும் ஆர்டீமியா ஊட்டினேன். இப்போது மாலையானால் தானாகவே விரிகிறது.

எதிர்பாராத தொல்லை தொட்டியில் இருக்கும் கிளீனர் இறால்தான். பவளத்தின் வாயிலிருந்தே இரையைப் பிடுங்குகிறது. பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைப் பவளத்தின் மேல் கவிழ்த்து வைத்ததும் சரியாகிவிட்டது.

ஆர்டீமியாவுக்குச் சத்தான தீனி கொடுத்து ஊட்டமேற்ற நினைப்பவர்கள் கவனிக்கவும்: முட்டையிலிருந்து வந்தவுடன் அது எதையும் தின்னாது, முதல் முறை தோலுரித்த பிறகுதான் தின்னும். இப்படி ஊட்டுவதால் தொட்டியில் நைட்ரேட் (மிச்ச இரையும் கழிவும் சிதைந்து சேரும் பொருள்) கொஞ்சம் ஏறியிருக்கிறது, தண்ணீரை அடிக்கடி மாற்றுகிறேன்.