செஸ்னா 172: வருஷக்கணக்கில் நின்ற விமானம், ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? (அவசரம்)

புதுச்சிறகு:
வணக்கம். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். ஒரு செஸ்னா 172 வாங்கிவிட்டேன். ரொம்ப நாளாக வெயிலில் நின்றது, அதனால் சல்லிசாகக் கிடைத்தது. மெக்கானிக் வந்தார், இரண்டு நிமிடம் பார்த்தார், இன்ஜினைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். ஆயில் மாற்றி, புது பேட்டரி வைத்து ஒரு தடவை ஓடவிட்டால் தெரிந்துவிடாதா? பணம் பிடுங்கப் பார்க்கிறாரோ என்று சந்தேகம்.

கரூர்க்காரன்:
எந்த வருஷத்து மாடல்? என்ன இன்ஜின்? எத்தனை மணி நேரம் ஓடியது? எந்த ஊர்? ‘ரொம்ப நாள்’ என்றால் ஆறு மாசமா, ஆறு வருஷமா?

புல்லட்_செல்வம்:
தம்பி, நான் விமானத்தைத் தொட்டதில்லை. ஆனால் மாட்டுக்கொட்டகையில் பன்னிரண்டு வருஷம் கிடந்த புல்லட்டை எழுப்பியவன். பிளக்கைக் கழற்று, சிலிண்டருக்கு இரண்டு ஸ்பூன் டீசல் விடு, ராத்திரி ஊறட்டும். காலையில் கையால் சுற்று. இன்ஜின் எல்லாம் ஒரே ஜாதிதான்.

பழங்கழுகு:
இந்தக் கேள்வி இங்கே வருவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். தேடல் பெட்டியை அழகுக்கு வைக்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் கேட்டால் அது சந்தேகம், வாங்கிய பிறகு கேட்டால் ஒப்பாரி. செல்வம், டீசலோடு நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

புதுச்சிறகு:
மன்னிக்கவும், ஆபீஸிலிருந்து அவசரமாக எழுதினேன். டெக்சாஸ், டல்லாஸுக்கு வெளியே ஒரு சின்ன ஏர்போர்ட். 1974 மாடல், 172எம். லைக்கமிங் ஓ-320-ஈ2டி. லாக்புக்கில் 1,640 மணி. கடைசி ஆனுவல் (வருஷாந்திரப் பரிசோதனை) 2015-இல். அப்புறம், முன்சக்கர ஃபோர்க் லேசாக வளைந்திருக்கிறது. ப்ரொப்பெல்லர் நுனியும்தான், ஒரு விரல் நீளத்துக்கு. பெரிதாக ஒன்றும் இல்லை.

கரூர்க்காரன்:
அதைத்தானய்யா முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்!

கோவை_கிளைடர்:
ப்ரொப் வளைவு முன்பக்கமா, பின்பக்கமா? பின்பக்கம் என்றால் இன்ஜினில் பவர் இல்லாதபோது தரையில் தட்டியிருக்கிறது. அப்படியானால் உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது.

புதுச்சிறகு:
பின்பக்கம்தான்! நன்றி சார், வயிற்றில் பால் வார்த்தீர்கள்.

வாணி_ஹாங்கர்:
பாலை ஊற்றிவிடாதீர்கள், பொறுங்கள். நான் இங்கே ஏ&பி மெக்கானிக் (விமான உடல், இன்ஜின் இரண்டுக்கும் உரிமம் உண்டு).

லைக்கமிங்குக்கு எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத் துறை) போட்ட கட்டாய உத்தரவு ஒன்று உண்டு, ஏ.டி. 2004-10-14. இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சரி, லேசாக அரம் போட்டுச் சரிசெய்ய முடியாத அளவுக்கு ப்ரொப் அடிபட்டிருந்தால் அது ப்ரொப் ஸ்ட்ரைக்தான் (ப்ரொப் மோதல்), உள்ளே திறந்து பார்த்தே ஆக வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஒரு கியர், அதை நேராகப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன டவல் பின் (முளை). கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), இரண்டு மேக்னெட்டோ (பிளக்குக்கு மின்பொறி தருவது), ஆயில் பம்ப் எல்லாம் சுழல்வது அந்தக் கியரை நம்பித்தான். பின் அறுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். மேக்னெட்டோ இரண்டு இருந்தும் பிரயோஜனமில்லை. அதைப் பார்க்க பின்பக்க ஆக்ஸசரி கேஸைக் கழற்றினால் போதும்.

ஆனால் உங்கள் மெக்கானிக் முழுதாகப் பிரிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கும். இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் ஆயில் முழுக்கக் கீழே வடிந்துவிடும், கேம் வெறும் இரும்பாகக் காய்ந்து துருப்பிடிக்கும். துருவோடு ஸ்டார்ட் செய்தால், கேம் தள்ளும் டாப்பெட்டின் முகம் பொடிப்பொடியாக உதிரும். அந்தத் துகள் ஆயிலோடு எல்லா பேரிங்குக்கும் போகும். டாப்பெட்டின் அடி குடை மாதிரி அகலம், கேஸைப் பிளக்காமல் வெளியே வராது. ஒரு சிலிண்டரை மட்டும் இறக்கி டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி பதில் அங்கேயே தெரியும்.

அதற்கும் முன்னால் ஃபயர்வாலைப் பாருங்கள். முன்சக்கரம் அடிவாங்கிய 172-இல் பெடல்களுக்கு முன்னால் இருக்கும் தகடு மடிந்திருக்கும். அப்புறம் இறக்கைக்கு அடியில் உள்ள மூடிகளைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். எலி மூத்திரம் அலுமினியத்தை அரிக்கும். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரே போயிருந்தால் இன்ஜினைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கோவை_கிளைடர்:
சரி, ஏ.டி. விஷயத்தில் வாபஸ். ஆனால் ஒரு நல்ல செய்தி: 150 குதிரைத்திறன் ஈ2டிக்கு காருக்குப் போடும் பெட்ரோலே போதும். எஸ்.டி.சி. (மாற்றத்துக்கான அனுமதிச் சான்று) வாங்கினால் சட்டப்படி போடலாம்.

பழங்கழுகு:
எத்தனால் கலக்காத பெட்ரோல் என்று சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனால் இருந்தால் எஸ்.டி.சி. செல்லாது.

கோவை_கிளைடர்:
தெரியும் ஐயா. கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர், அது நிற்கும் மட்டத்தில் பேனாக் கோடு, மேலே பெட்ரோல், நன்றாகக் குலுக்கல். தண்ணீர் கோட்டுக்கு மேல் ஏறினால் எத்தனால். இதற்கு லேப் வேண்டாம்.

பழங்கழுகு:
நாற்பது வருஷமாக நீல நிற 100எல்எல் (ஈயம் கலந்த விமானப் பெட்ரோல்) மட்டுமே போட்டு வருகிறேன். ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை.

கரூர்க்காரன்:
அந்த ஈயம்தானே பிளக்கில் குண்டுமணி மாதிரி உருண்டு கிடக்கிறது? குத்திக் குத்தி என் விரலே தேய்ந்துவிட்டது.

பழங்கழுகு:
மிக்ஸ்சரை லீன் செய்ய (காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைக்க) தெரியாவிட்டால் குத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

(இதே சண்டை இன்னும் பதினேழு பதில்களுக்கு ஓடுகிறது.)

வாணி_ஹாங்கர்:
பெட்ரோல் ஊற்ற முதலில் இன்ஜின் வேண்டும். புதுச்சிறகு, ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. விமானப் பதிவேட்டில் விமானத்தின் மேல் கடன் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நிறுத்துமிட வாடகை பாக்கி? மெக்கானிக் சம்மதித்தால் அவர் கண்காணிப்பில் நீங்களே கழற்றும் வேலையைச் செய்யலாம், விதி இடம் தருகிறது. கூலியில் நல்ல மிச்சம்.

புல்லட்_செல்வம்:
தம்பி எங்கே போனான்?

புதுச்சிறகு: (மூன்று வாரம் கழித்து)
வாணி அக்கா சொன்னபடி ஒரு சிலிண்டரை இறக்கினோம். கேமில் இரண்டு மேடு சொரசொரவென்று இருக்கிறது, நகத்தால் தடவினாலே தெரிகிறது. ஃபயர்வாலிலும் மடிப்பு. இடது இறக்கையில் ஒரு கூடை வைக்கோல், ஸ்பார் தப்பித்தது. கடன் எதுவும் இல்லை. இன்ஜின் ஓவர்ஹாலுக்குப் போகிறது. மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன், சிரித்தார். மனைவியிடம் இன்னும் தொகையைச் சொல்லவில்லை.

புல்லட்_செல்வம்:
அதெல்லாம் சரி. டீசல் விட்டுப் பார்த்தாயா, இல்லையா?