இப்போது திறந்திருக்கும் பாட்டில்கள்: வலு, மிச்சம், தண்ணீர்

"அருமை", "சுமார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அடுத்தவருக்கு ஒன்றும் பிடிபடாது. நேற்று திறந்த பாட்டிலில் ஒரு மாதிரி இருக்கும் விஸ்கி, அடிமட்டத்துக்கு வந்தபின் வேறு மாதிரி இருக்கும். அதனால் இந்த இழையில் யார் எதைக் குடித்து எழுதினாலும் மூன்று விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: எத்தனை சதவீதம் ஆல்கஹால், பாட்டிலில் எவ்வளவு மிச்சம், எவ்வளவு தண்ணீர் விட்டது.

முதலில் என்னுடையது. லாகவூலின் 16 (அந்த எண் பீப்பாயில் கிடந்த வருடம்), 43 சதவீதம், பாதி பாட்டில், தண்ணீர் இல்லை. பக்கத்திலேயே கல் ஈலா 12, அதுவும் 43, திறந்து பத்து நாள். இரண்டுக்கும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள போர்ட் எலன் மால்டிங்ஸ் ஆலையின் மால்ட்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. புகை வாசம் தரும் பீனாலின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே, 35 பிபிஎம் (பத்து லட்சத்தில் 35 பங்கு) பக்கம். ஆனால் மூக்கை வைத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. லாகவூலினில் அணைந்த அடுப்பின் கரியும் உலர்திராட்சையும் கனமாக உட்கார்ந்திருக்கிறது. கல் ஈலாவில் எலுமிச்சைத் தோல், ஈரச் சாம்பல், கொஞ்சம் எண்ணெய்ப் பசை, அவ்வளவுதான்.

பிபிஎம் எண்ணைப் பார்த்து விஸ்கி வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். அந்த எண் புகை போட்ட பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்தது இல்லை. அரைப்பதில் கொஞ்சம், ஊறலில் கொஞ்சம், வடிப்பதில் நிறைய என்று பீனால் வழியெல்லாம் உதிர்ந்துகொண்டே வரும். அது வடியும்போது கடைசிப் பகுதியில்தான் அதிகம் வரும் என்பதால், வடிப்பாளர் எந்த வலுவில் சேகரிப்பதை நிறுத்துகிறார் என்பதே புகையின் அளவைத் தீர்மானிக்கிறது. பாத்திரத்தை நிறைத்து மெதுவாக ஓட்டினால் ஒரு சுவை, உயரமான பாத்திரத்தில் குறைவாக ஊற்றி ஆவிக்குச் செம்போடு உறவாட இடம் கொடுத்தால் வேறு சுவை. ஐலாவின் இன்னொரு வடிசாலையான ஆர்ட்பெக்கில் ஆவிக் குழாயில் ப்யூரிஃபயர் ஒன்று இருக்கிறது. கனமான ஆவி அதில் குளிர்ந்து மறுபடி பாத்திரத்துக்கே போய்விடும். அவர்கள் பார்லி 55 பிபிஎம் அளவில் இருந்தும், ஆர்ட்பெக் 10-இல் புகைக்கு நடுவே பழ வாசம் தெளிவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

* * *

கிளென்ஃபார்கிளாஸ் 105. 60 சதவீதம், முக்கால் பாட்டில் மிச்சம். தண்ணீர் எவ்வளவு என்பதற்குத்தான் இந்தப் பதிவே.

முதலில் அந்த 105. அது ஆல்கஹால் வலுவைச் சொல்லும் பழைய பிரிட்டிஷ் ப்ரூஃப் கணக்கு, அதில் 100 என்றால் 57.1 சதவீதம். அமெரிக்க ப்ரூஃபில் பாதியாக வகுத்தால் போதும், வைல்ட் டர்க்கி 101 என்றால் 50.5. பெயரில் நாலே எண் வித்தியாசம், கிளாஸில் கிட்டத்தட்ட பத்து சதவீதம். தெரியாமல் ஒரே அளவில் ஊற்றிக் குடிப்பவர்கள் இரண்டாவது கிளாஸில் தெரிந்துகொள்வார்கள்.

கணக்கு சுலபம். ஊற்றிய அளவை இப்போதைய சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்து, வரும் எண்ணிலிருந்து ஊற்றிய அளவைக் கழித்தால் சேர்க்க வேண்டிய தண்ணீர். 60 சதவீதத்தில் 30 மில்லி ஊற்றினால், 55-க்கு இறக்க 2.7 மில்லி, 50-க்கு 6 மில்லி, 46-க்கு 9 மில்லி, 43-க்கு 12 மில்லி. "ஒரு சொட்டு தண்ணீர் விட்டேன், மலர்ந்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். ஒரு மில்லிக்குச் சுமார் இருபது சொட்டு. ஒரு சொட்டில் 60 எங்கே இறங்கப் போகிறது? மூடி கழன்ற மருந்து டிராப்பர் எல்லாம் வேண்டாம், ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும்.

ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. முதலில் தண்ணீரே இல்லாமல் கால் மணி நேரம் கிளாஸில் விட்டு முகருங்கள். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்தால் காரம் மூக்கில் அறையாது. பிறகு 3 மில்லி, ஐந்து நிமிடம் பொறுத்து இன்னொரு 3. ஊற்றிய உடனே முகர்ந்தால் அந்தக் கலக்கத்தில் ஆல்கஹால்தான் முந்திக்கொண்டு வரும். இந்த பாட்டிலில் 60-இல் வார்னிஷும் கருகிய சர்க்கரையும். 54 பக்கம் வந்ததும் ஆரஞ்சுத் தோல் கிளம்புகிறது, 50-இல் பேரீச்சம்பழம். 46-க்குக் கீழே போனால் மரத்தின் துவர்ப்பு மட்டும் தனியாக நிற்கிறது. 50-க்குக் கீழே இறக்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

புகை உள்ள விஸ்கிக்கு இது பொருந்தாது. அதில் நாம் தேடுவது புகை வாசம் தரும் குவாயகோல் மாதிரியான பொருட்கள். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சனும் ஃப்ரீட்மனும் கணினி மாதிரியில் பார்த்ததில், 45 சதவீதத்துக்குக் கீழே குவாயகோல் திரவத்தின் மேற்பரப்பை நோக்கி ஒதுங்குகிறது. 59-க்கு மேலே எத்தனால் அதைச் சூழ்ந்து உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆர்ட்பெக் ஊகடால் 54.2 சதவீதம். 30 மில்லிக்கு ஐந்து மில்லிக்குக் கொஞ்சம் மேலே விட்டால் அந்த 45-ஐ ஒட்டி 46 வரும். அங்கே புகை தானாக எழுந்து வருவது மூக்குக்கே தெரியும்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஐலா விஸ்கியில் விட்டால், டிஞ்சர் வாடை விஸ்கியுடையதா தண்ணீருடையதா என்றே தெரியாமல் போகும். உப்புத்தன்மை குறைந்த பாட்டில் தண்ணீர் போதும்.

* * *

தண்ணீர் விட்டதும் கலங்கிப்போனால் பயப்படாதீர்கள், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமில எஸ்டர்கள் 46 சதவீதத்துக்குக் கீழே சரியாகக் கரையாது, குளிர்ந்தால் இன்னும் மோசம். குளிர வைத்து வடிகட்டுவது இதை மறைக்கத்தான். வடிகட்டாமல் விடுபவர்கள் பலர் 46-இல் வந்து நிற்பதன் ரகசியமும் அதுதான். ஆர்ட்பெக் 10, ஸ்பிரிங்பேங்க் 10 இரண்டும் 46, டீன்ஸ்டன் 12, புன்னஹாவன் 12 இரண்டும் 46.3. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்காட்ச் சட்டம் சாயத்துக்காகக் கேரமல் சேர்க்க அனுமதிக்கிறது.

* * *

கிரெய்கெலாகி 13, 46 சதவீதம், திறந்து நாலு நாள், தண்ணீர் 2 மில்லி.

முதல் முகர்வில் கொளுத்திய தீக்குச்சி. இதைப் பிழை என்று ஒதுக்கும் முன் கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வடிசாலையின் குணம். ஆவியைக் குளிர்விக்கத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு ஓடும் வோர்ம் டப் செம்புக் குழாயில் ஆவி சீக்கிரம் திரவமாகிவிடும், செம்போடு உரச நேரம் குறைவு. அதனால் இறைச்சி வேகவைத்த சாறு, தீக்குச்சி, சில நேரம் அவித்த கோஸ். மார்ட்லாக், பென்ரின்னஸ் எல்லாம் இந்தக் குடும்பம். இந்த வகைக் கந்தகம் கனத்தோடு சேர்ந்து வரும், காற்றுப் பட்டால் அடங்கும். இந்த பாட்டிலிலும் இருபது நிமிடத்தில் தீக்குச்சி போய் அன்னாசி வந்தது.

இரண்டாவது, பீப்பாய். ஷெர்ரி என்ற ஸ்பானிஷ் வைன் இருந்த காலி பீப்பாய்க்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகத் திரி கொளுத்துவது உண்டு. அதில் வருவது எரிந்த ரப்பர், சில நேரம் அழுகிய முட்டை. இது பழத்தோடு ஒட்டாது, தனியாக மிதக்கும். அரை மணி நேரம் காத்திருந்தும் போகவில்லை என்றால் போகாது.

* * *

மேலே சொன்ன நண்பருக்கு ஒரு சின்னத் திருத்தம். காத்திருப்பதைவிட விரைவான சோதனை உண்டு. தேய்த்துச் சுத்தம் செய்த செம்புக் கம்பி, ஒரு விரல் நீளம். 15 மில்லியை இரண்டு கிளாஸில் பிரித்து, ஒன்றில் கம்பியைப் போட்டு ஐந்து நிமிடம் சுழற்றிவிட்டு எடுங்கள். முட்டை வாடை குறைந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வகை, செம்பு பிடித்துக்கொள்ளும். ரப்பரும் கோஸும் அசையாமல் நின்றால் டைமெத்தில் டிரைசல்ஃபைடு மாதிரியானவை, கம்பி ஒன்றும் செய்யாது. சோதித்த கிளாஸைக் கொட்டிவிடுங்கள். விஸ்கியில் அமிலம் உண்டு, செம்பு கொஞ்சம் கரையும். மூக்குக்குத்தான் இந்தச் சோதனை, வாய்க்கு இல்லை. பாட்டிலுக்குள் கம்பியைப் போட்டு வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அதை மறந்துவிடுங்கள்.

* * *

என் மேசையில் இப்போது இருப்பது உடைந்த கார்க். விஸ்கி பழையது, எது என்பது இங்கே முக்கியமில்லை.

வைன் பாட்டில் மாதிரிப் படுக்க வைத்தால் 40 சதவீதத்துக்கு மேலான ஆல்கஹால் கார்க்கை அரித்து, அதன் வாடையையும் விஸ்கிக்குள் இறக்கிவிடும். எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் நின்ற கார்க் காய்ந்துபோகும், திறக்கும்போது பாதியில் முறியும். திறப்பதற்கு முன் பாட்டிலைச் சாய்த்துப் பத்து விநாடி கார்க்கை நனையவிட்டு நிமிர்த்துங்கள். கார்க்கின் தலையை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் பாட்டிலைத் திருப்புங்கள். தலையைத் திருகினால் பசை விட்டு மரத் தலை மட்டும் கையோடு வரும், தண்டு கழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

அப்படியும் முறிந்துவிட்டதா? கழுத்தில் நிற்கும் துண்டை அழுத்தாதீர்கள். திருகாணியைச் சரிவாக, ஓரமாக ஏற்றி, கண்ணாடிச் சுவரோடு அணைத்தபடி மெதுவாக மேலே இழுங்கள். நடுவில் நேராக ஏற்றினால் உலர்ந்த கார்க் தூளாகும். உள்ளே விழுந்த தூளுக்குக் காபி ஃபில்டர் தாள் நல்லது. ஆனால் தாளை முதலில் வெந்நீரில் அலசி, நன்றாக உலரவிட்டு உபயோகியுங்கள், இல்லையென்றால் அட்டை வாசம் விஸ்கிக்கு வந்துவிடும். மாற்றுக் கார்க்குக்காகக் காலி பாட்டில்களின் கார்க்குகளைச் சேர்த்து வைத்திருப்பது நல்ல பழக்கம்தான். ஒன்றே ஒன்று: புகை விஸ்கியான லாஃப்ராய்க்கின் கார்க்கைப் பழ வாசமுள்ள மென்மையான விஸ்கிக்கு மூடினால், அடுத்த மாதம் அதுவும் மருத்துவமனை வாடை அடிக்கும்.

ஈரமான அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த நிலவறை போல வாசம் வந்து, பழமெல்லாம் மங்கிப்போயிருந்தால் அது கார்க் தொற்று. காற்றாடவிட்டாலும் தீராது.

* * *

மிச்சத்தைப் பற்றி முதல் பதிவில் கேட்டார்களே, அதற்கு. ரெட்பிரெஸ்ட் 12, 40 சதவீதம், 200 மில்லிதான் பாக்கி. 700 மில்லி பாட்டிலில் இப்போது அரை லிட்டர் காற்று. அயர்லாந்தின் மிடில்டனில் மால்ட் ஆன பார்லியும் ஆகாத பார்லியும் கலந்து மூன்று முறை வடித்தது. திறந்த புதிதில் மால்ட் ஆகாத பார்லியின் கிராம்புக் காரமும் எண்ணெய்த் தன்மையும் முன்னால் நின்றன. இப்போது காரம் தளர்ந்து, ஷெர்ரிப் பழமும் கொஞ்சம் தாளும் மிஞ்சியிருக்கின்றன. வலு குறைந்தவை சீக்கிரம் தளர்கின்றன. ஐலாவில் முதலில் போவது புகையின் கூர்மை. கனமான ஷெர்ரி விஸ்கிகள் மட்டும் முதல் சில வாரம் மேம்பட்டுத்தான் போகின்றன.

மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடுவது நல்லது. 200-க்கு 100 மில்லி பாட்டில் இரண்டு. மூடிக்குள் கூம்பு வடிவப் பிளாஸ்டிக் இருக்கும் வகை வேண்டும், ரப்பர் டிராப்பர் மூடி வேண்டவே வேண்டாம், ரப்பர் வாடை ஏறும். மேலே மூன்று மில்லி இடம் விடுங்கள், வெப்பத்தில் ஆல்கஹால் விரியும். பெயர், சதவீதம், மாற்றிய தேதி மூன்றையும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் கண்டுபிடித்ததே இல்லை. வெயில் படாத அலமாரி போதும். வெளிச்சம் நிறத்தையும் வாசத்தையும் சேர்த்து வெளுக்கும்.

* * *

அம்ருத் ஃப்யூஷன். 50 சதவீதம், பாதி பாட்டில், தண்ணீர் 3 மில்லி. இந்திய பார்லியும், ஸ்காட்லாந்திலிருந்து வரும் புகை பார்லியும் கலந்தது. வயது எண் போடவில்லையே என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகும் என்றால், பெங்களூரில் பத்து, பன்னிரண்டு வரை போகும். அந்தச் சூட்டில் மரமும் அதே வேகத்தில் சாற்றை விடும். அதிக நாள் கிடந்தால் துவர்ப்புத்தான் மிஞ்சும். 50-இல் குடிக்கும்போது சாக்லேட், பிறகு புகை, இந்த வரிசையில் வருகிறது. 46-க்கு இறக்கினால் புகை முன்னால் வந்துவிடுகிறது. இரண்டாவது பதிவில் சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறது.

* * *

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கடைசிச் சொட்டு குடித்ததும் கிளாஸைக் கழுவாமல், மேலே ஒரு தாள் மூடி இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் முகருங்கள். ஆல்கஹால் போயிருக்கும், கனமானவை மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும். லாகவூலின் கிளாஸில் காய்ந்த கரி. அமெரிக்க ஓக்கில் கிடந்தது என்றால் வெனிலாவும் தேங்காயும். ஷெர்ரி பீப்பாயில் உலர்திராட்சையும் பழைய மரப்பெட்டியும். முந்தைய இரவு சந்தேகப்பட்ட கந்தகம் பீப்பாயுடையதாக இருந்தால் அந்த எரிந்த ரப்பர் காலையிலும் அப்படியே இருக்கும். கழுவும்போது சோப்பு வேண்டாம், வெந்நீரும் விரலும் போதும். துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள்.