மாத்திரைக்குப் பதில் பாட்டி கொடுக்கும் காபி போதுமா?

கேள்வி: திருச்சி அம்மா

என் மகனுக்கு எட்டரை வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறான். எடை 24 கிலோ. போன மாதம் குழந்தைகள் மனநல மருத்துவர் அவனுக்கு ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காமல், துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) என்று சொல்லி, அதற்கான மெத்தில்பெனிடேட் 5 மில்லிகிராம் காலையில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை வாங்கி 22 நாள் ஆகிறது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

மருத்துவர் அவசரப்பட்டார் என்று குறை சொல்ல முடியாது. இரண்டு முறை வரச் சொன்னார். எங்களுக்கும் வகுப்பு மிஸ்ஸுக்கும் தனித்தனியாகக் கேள்வித்தாள் கொடுத்தார். காது, கண் இரண்டையும் பரிசோதிக்கச் சொன்னார். எனக்கே உள்ளுக்குள் தெரிந்ததைத்தான் அவர் சொன்னார். ஜூனிலிருந்து நான்கு தண்ணீர் பாட்டில் தொலைத்துவிட்டான். 47-ம் 38-ம் எவ்வளவு என்றால் வாயால் பட்டென்று சொல்வான், நோட்டில் முதல் கணக்கை மட்டும் எழுதியிருப்பான், மீதிப் பக்கம் வெள்ளையாக இருக்கும். டைரியில் வாரம் இரண்டு முறையாவது 'எழுதி முடிக்கவில்லை' என்று மிஸ் எழுதி அனுப்புகிறார். கூடப் படிக்கும் பையனின் பிறந்தநாளுக்கு இவனை மட்டும் கூப்பிடவில்லை. ஏன் என்று என்னிடம் கேட்டான். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எனக்குப் பயம் வந்தது மருந்துக்கடையில்தான். சீட்டு இரண்டு பிரதி கேட்டார்கள். ஒன்றை அவர்களே வைத்துக்கொண்டு, ஒரு பதிவேட்டில் எங்கள் முகவரியை எழுதிக்கொண்டார்கள். "சின்னப் பிள்ளைக்கா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். என் கணவரும் "பழக்கமாகிவிடும், கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

அந்தச் சமயத்தில் கும்பகோணத்திலிருந்து என் மாமியார் வந்தார். காலை ஆறரைக்கு அரை டம்ளர், பள்ளி விட்டு வந்ததும் ஐந்தரைக்கு அரை டம்ளர் என்று அவனுக்கு ஃபில்டர் காபி கொடுக்க ஆரம்பித்தார். நான் அதுவரை பால் மட்டும்தான் கொடுத்திருந்தேன். காபி குடித்துவிட்டுப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து 20 நிமிடத்தில் தமிழ் வீட்டுப்பாடத்தை முடிக்கிறான்! 12 நாளில் 9 நாள் முடித்திருக்கிறான். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் சில அம்மாக்கள் மாத்திரைக்குப் பதில் காலையில் காபி கொடுத்து அனுப்புவதாக இணையத்தில் படித்தேன். மாத்திரையும் ஊக்க மருந்து, காபியும் ஊக்கம் தருவது, அப்படியானால் காபி அதன் லேசான வடிவம்தானே என்று தோன்றுகிறது. இதிலேயே தொடரலாமா? எவ்வளவு கொடுக்கலாம்? ஒன்றே ஒன்று, ஒன்பதரைக்குத் தூங்கிக்கொண்டிருந்தவன் இப்போது பதினொரு மணி வரை புரண்டுகொண்டிருக்கிறான். மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மாத்திரை தொடங்கவே இல்லை என்பதையே இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

பதில் 1: மதுரை அப்பா

சகோதரி, இதே வேலையை நானும் செய்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். என் மகளுக்கு இப்போது 13 வயது. ஒன்பது வயதில் அவளுக்கு ஐந்து மாதம் காபி கொடுத்தேன், மருத்துவருக்குத் தெரியாமல். நான் பேருந்து ஓட்டுநர். இரவு வண்டியில் என்னைக் காப்பாற்றுவது காபிதான், அதனால் அதன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அரை டம்ளர் ஒரு டம்ளர் ஆயிற்று, ஒன்று இரண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை லேட்டாக எழுந்து காபி தவறிவிட்டால் பதினொரு மணிக்குத் தலைவலி என்று அழுவாள். இரவு பதினொன்றரைக்கு முன் தூக்கம் வராது, காலையில் எழுப்பவே முடியாது. தூக்கம் குறைந்த பிள்ளை இன்னும் அதிகமாக ஓடும், இன்னும் அதிகமாக மறக்கும். அதை நான் ஏடிஎச்டி கூடிவிட்டது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் டிகாக்‌ஷன் சேர்த்து ஊற்றினேன். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

கடைசியில் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் திட்டவில்லை. காபியைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார், அதற்குப் பிறகுதான் மாத்திரை. முதலில் கொடுத்த அளவில் ஒரு மாற்றமும் இல்லை. அளவைக் கூட்டி நான்காம் வாரத்தில் ஒருநாள், "அப்பா, மிஸ் பேசுறது கடைசி வரைக்கும் கேட்குது" என்றாள். அதுவரை பாதியில் அறுந்து போயிருக்கிறது, அவளுக்கும் அது தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

மாத்திரையிலும் கஷ்டம் உண்டு. மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். முதல் இரண்டு மாதத்தில் ஒரு கிலோ இறங்கினாள். காலை டிபன் முழுதாகச் சாப்பிட்ட பிறகு மாத்திரை, இரவு நல்ல சாப்பாடு என்று மாற்றினோம். ஒவ்வொரு முறையும் உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 2: கோவை மருந்தாளுநர்

முதலில் உங்கள் மருந்துக்கடைப் பயம். மெத்தில்பெனிடேட் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் வருகிறது. அந்த அட்டவணையில் உள்ள எந்த மருந்துக்கும் சீட்டு இரண்டு பிரதியாக வர வேண்டும், ஒன்றைக் கடையில் 2 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். மருந்து கைமாறிப் போய்த் தவறாகப் பயன்படக் கூடாது என்பதற்கான கட்டுப்பாடு அது. உங்கள் மகனுக்கு எழுதிய 5 மில்லிகிராம், மருத்துவர்கள் வழக்கமாகத் தொடங்கும் சிறிய அளவு. "சின்னப் பிள்ளைக்கா?" என்று கேட்டவர் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இப்படிப் பேசிப் பெற்றோரைக் கலங்க வைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

காபி மாத்திரையின் லேசான வடிவம் இல்லை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், அது ஏற ஏறத் தூக்கம் வரும். அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அதனால் களைப்பு தெரிவதில்லை. டோபமின் என்பது மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருள், அதன்மேல் காஃபீனின் தாக்கம் சுற்றி வளைத்து, லேசாகத்தான் போய்ச் சேரும். மெத்தில்பெனிடேட் அப்படி இல்லை. டோபமினும், அதேபோல் செய்தி கடத்தும் நார்எபிநெஃப்ரினும் நரம்பணுவுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதை நேரடியாகத் தடுக்கிறது. ஒரு வேலையில் மனம் நிற்பதற்கு அந்த இரண்டும் முக்கியம். மதுரை சகோதரருக்கு இரவு வண்டியில் வேண்டியது தூக்கம் வராமல் இருப்பது, அதற்குக் காபி சரி. உங்கள் மகனுக்கு வகுப்பில் தூக்கம் வருவது பிரச்சினையே இல்லையே.

இந்த யோசனை பழையது. 1973-இல் ஷ்னாக்கன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர், இந்த ஊக்க மருந்துகளுக்குப் பதிலாகக் காஃபீன் கொடுக்கலாம் என்று மனநல மருத்துவ இதழில் எழுதினார். உடனே மற்றவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 1975-இல் கார்ஃபிங்கல் குழுவினர் எட்டுக் குழந்தைகளுக்கு மெத்தில்பெனிடேட், காஃபீன், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எந்த நாளில் என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. மெத்தில்பெனிடேட் தெளிவாக முன்னே நின்றது, காஃபீன் நிற்கவில்லை. பிறகு வந்த சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் காஃபீனுக்குச் சாதகமாக உறுதியான முடிவு வரவில்லை.

எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டீர்கள். 2015-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலையில்லை என்றது. 24 கிலோவுக்கு 72 மில்லிகிராம். அது தாண்டக் கூடாத எல்லை, மருந்தளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு அரை டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கலாம், சிக்கரியில் காஃபீன் கிடையாது. முதல் டிகாக்‌ஷன் ஒரு மாதிரி, இரண்டாவது ஒரு மாதிரி. அப்புறம், குடித்த காஃபீனில் பாதி கழியச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்தரைக்குக் குடித்ததில் பாதி இரவு பத்தரைக்கும் அவன் உடம்பில் இருக்கிறது. தூக்கம் போனது அதனால்தான். மாத்திரை தொடங்கினால் கூடவே காபியும் கொடுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் படபடப்பு கூடும்.

பதில் 3: நெல்லை சிறப்பு ஆசிரியை

உங்கள் கேள்வியில் எல்லோரும் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது, 'பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து'. காபி வந்த அன்றைக்கே பாட்டியும் வந்திருக்கிறார். 9 நாள் எழுதியது காபியாலா, பாட்டியாலா? எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் முழங்கால் இடிக்கும் தூரத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பதே பெரிய உதவி. ஒரு வாரம் அதே நேரம், அதே இடம், அதே பாட்டி, டம்ளரில் மட்டும் பால் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் காலண்டரில் இருப்பது மாலை வீட்டுப்பாடம் மட்டும். ஆறரைக் காபி குடித்துவிட்டுப் போன நாட்களில் மிஸ் டைரியில் எழுதுவது குறைந்ததா? வகுப்பில் பாட்டி இல்லை. அங்கேதான் தெரியும்.

மாத்திரை கொடுத்தாலும் பாட்டியை ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். எட்டுக் கணக்கு இருந்தால் தாளால் மூடி இரண்டிரண்டாகக் காட்டச் சொல்லுங்கள். முன் பெஞ்சில், ஜன்னல் இல்லாத பக்கம் இடம் கேளுங்கள். மருத்துவரிடம் தொடங்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். கொடுத்தும் பலனில்லை என்று அவர் நினைத்து அளவைக் கூட்டிவிட்டால் அதுதான் ஆபத்து.

திருச்சி அம்மா (மூன்று வாரம் கழித்து)

மூவருக்கும் நன்றி. அன்று இரவே டைரியை எடுத்துப் பார்த்தேன். காபி குடித்த இரண்டு வாரத்தில் 'எழுதி முடிக்கவில்லை' ஐந்து முறை. முன்பைவிடக் குறையவே இல்லை. பால் வைத்து அத்தை ஏழு நாள் உட்கார்ந்தார், ஐந்து நாள் முடித்தான். அத்தையிடம் இதைச் சொன்னபோது முதலில் முகம் வாடியது. பிறகு "அப்போ நான்தான் மருந்தா?" என்று கேட்டு அவனை மடியில் இழுத்துக்கொண்டார். இப்போது ஒன்பதே முக்காலுக்குத் தூங்கிவிடுகிறான்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு அதே 5 மில்லிகிராமில் தொடங்கச் சொன்னார். இன்று ஆறாவது நாள். இந்த வாரம் டைரியில் ஒரு முறைதான் எழுதி வந்திருக்கிறது. ஆனால் எலுமிச்சை சாதம் பாதி திரும்பி வருகிறது, மாலையில் சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வருகிறது. சனிக்கிழமை மருத்துவரிடம் கேட்கப் போகிறேன். மதுரை அண்ணா, ஏழு மணிக்கு மேல்தான் அவனுக்குப் பசி எடுக்கிறது. உங்கள் மகளுக்கு அந்த நேரத்தில் என்ன கொடுத்தீர்கள்?

மதுரை அப்பா

கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டு, நெய் நிறைய விட்டு. அரை மணி கழித்து முட்டை தோசை ஒன்று. ஒன்பது மணிக்குத் திரும்பவும் பசிக்கிறது என்பாள், ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும். மூன்றாம் மாதத்தில் இறங்கிய ஒரு கிலோ திரும்பி வந்துவிட்டது. அழுகை எங்களுக்கும் இருந்தது, மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் வரும். அந்த ஒரு மணி நேரம் பாடம் எதுவும் வைக்காமல் வெளியே விளையாட விட்டோம். எத்தனை மணிக்கு அழுகிறான் என்று நாலு நாள் குறித்து எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு உதவும்.